என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே இருக்கு!

இந்த வாக்கியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வெப் டிசைன் படித்த பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது இதுதான். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு இணையதளம் செய்து கொடுத்திருப்பீர்கள். சுங்குடிச் சேலைப் படங்கள், விலை, வாட்ஸ்அப் எண், கீழே கடைக்கு வரும் வழி. உங்கள் லேப்டாப்பில் எல்லாம் அம்சமாக இருக்கும். மறுநாள் காலையில் கடை முதலாளி போன் போடுவார். “தம்பி, எம் மகன் பெங்களூர்ல ஆப்பிள் கம்ப்யூட்டர்ல பாத்தானாம். எழுத்து போய் படத்து மேல ஏறி நிக்குதுங்குறான். யாருப்பா இதச் செஞ்சதுன்னு கேக்குறான்.”

அந்த நேரத்தில் உங்களுக்குள் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு, “என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே இருக்கு” என்பான். இன்னொருவன் மூலையில் குத்தவைத்து, “நான் உசிலம்பட்டிப் பக்கம் தமிழ் மீடியம் படிச்சவன், இதெல்லாம் நமக்கு வருமா” என்று முனகுவான். முதலாமவனுக்கு வீம்பு. இரண்டாமவனுக்குப் பயம். இரண்டு பேரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுங்கள். ஏனென்றால் இரண்டு பேரும் செய்வது ஒரே வேலைதான்: அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவிடாமல் உங்களைத் தடுப்பது.

விண்டோஸில் ஒரு மாதிரியும் மேக்கில் வேறு மாதிரியும் ஒரே பக்கம் தெரிகிறதென்றால் அதற்குக் காரணம் உண்டு. காரணம் இல்லாமல் ஒரு பிக்சல்கூட நகராது. காரணம் இருந்தால் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்ததைச் சரிசெய்யலாம். கண்ணாடி முன்னால் நின்று “என்னால் முடியும், என்னால் முடியும்” என்று பத்துத் தடவை சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் ஒரு பெட்டிகூட ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகராது. “ஏன் இப்படி ஆகுது?” என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் எனக்குப் பிடித்த பிள்ளை.

அப்படி உட்கார்ந்தவர்களின் கதை ஒன்று இந்த ஊரின் பெயரிலேயே இருக்கிறது.

1998 பொங்கல் அன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கச் செய்யும் திட்டம். சங்கம் வளர்த்த ஊர் என்பதால் மதுரையின் பெயரை வைத்தார்கள். தொடங்கியவர் மதுரையில் இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்தார். பெயர் கல்யாணசுந்தரம். உடன் நின்றவர் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன். கல்யாணசுந்தரம் படித்ததும் ஆராய்ந்ததும் வேதியியல். கணினி அவருக்குச் சோறு போட்ட தொழில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நான் ஐடி டிகிரி படிக்கலையே’ என்று புலம்புகிறவர்களுக்காக இதை இரண்டாம் தடவையும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

அப்போது நிலவரம் எப்படி இருந்தது? ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனிக் குறியீடு. ஒன்றில் ‘க’ உட்கார்ந்திருக்கும் எண்ணில் இன்னொன்றில் வேறேதோ எழுத்து உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாதவர் கண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடலாம் என்று நெட்ஸ்கேப் ஒரு வழி கண்டது, மைக்ரோசாஃப்ட் இன்னொரு வழி கண்டது. அதன் வழி இதில் ஓடாது, இதன் வழி அதில் ஓடாது. போதாததற்கு, 256 இடங்கள் கொண்ட எழுத்து அட்டவணையின் மேல்பாதி விண்டோஸில் ஒரு வரிசை, மேக்கில் வேறு வரிசை. பல எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் குடியிருந்ததோ அந்த மேல்பாதியில்தான். இங்கே ஒழுங்காக எழுதி அனுப்பிய பாட்டு அங்கே போய் எழுத்து மாறி நிற்கும்.

கல்யாணசுந்தரம் என்ன செய்தார்? திட்டம் தொடங்கும் முன்பே ‘மயிலை’ என்று ஓர் எழுத்துருவைத் தானே உருவாக்கி, விண்டோஸ், மேக், யுனிக்ஸ் மூன்றிலும் ஓடும்படி இலவசமாகக் கொடுத்திருந்தார். பிறகு உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, ‘டிஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்தார்கள். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் மொத்தச் சண்டையும்.

அதில் ஒரு பழுதை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். டிஸ்கி அட்டவணையில் ‘இ’ இருந்த இடம் 173. இணையப் பக்கங்களில் அந்த எண்ணுக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு: வரி முடியும் இடத்தில் வார்த்தையை உடைக்க நேர்ந்தால் மட்டும் தலைகாட்டும் மறைவான இணைப்புக்கோடு. ஆக, சில உலாவிகள் அந்த எண்ணைப் பார்த்ததும் ‘இது கோடு, காட்ட வேண்டியதில்லை’ என்று விழுங்கிவிடும். மற்ற எழுத்தெல்லாம் நிற்கும், ‘இ’ மட்டும் மாயமாகும். ‘இலக்கியம்’ என்று எழுதினால் ‘லக்கியம்’ என்று தெரியும். நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? தட்டச்சுப் பிழை என்று நினைத்து மறுபடி அடித்திருப்பீர்கள், மறுபடியும் காணாமல் போயிருக்கும், கடைசியில் கணினியை மூடிவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பீர்கள். அவர்கள் போகவில்லை. எந்த எண், எந்த உலாவி, எந்த இயங்குதளம் என்று துருவினார்கள். காரணம் தெரிந்ததும் 254ஆம் இடத்தில் இன்னொரு ‘இ’யை உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான்!

பின்னாளில் நூல்கள் யூனிகோடுக்கு மாறின. அந்தக் காலத்து யூனிகோடுப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். நூல் தொடங்கும் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு நிற்கும். தமிழைச் சரியாகக் காட்டும் விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி வேண்டும். லதா போலத் தமிழ் உள்ள யூனிகோடு எழுத்துரு வேண்டும். நெட்ஸ்கேப் 6, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 போன்ற உலாவி வேண்டும் என்று அதில் இருக்கும். ஈராயிரம் ஆண்டுப் பாட்டுக்கு முன்னால் ஒரு பழுதுநீக்கும் குறிப்பு! எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும். தட்டச்சு செய்தவர் பெயர், பிழை திருத்தியவர் பெயர், அதோடு ‘உன் கணினியில் தெரியவில்லையா, இதைச் செய்து பார்’ என்ற அக்கறை. ‘எங்கள் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருக்கிறது’ என்று அவர்களும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்று உங்கள் கைப்பேசியில் புறநானூறு இருக்காது.

இப்போது உங்கள் ஜவுளிக்கடைக்கு வாருங்கள். அவர்கள் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட உங்களுக்கு இல்லை. யூனிகோடு வந்துவிட்டது, ‘க’ எங்கே போனாலும் ‘க’தான். மாறுவது வடிவம் மட்டும். அதைப் பிடிக்க முடியாதா உங்களால்?

முதல் சந்தேகம் எழுத்துரு மேல் விழட்டும். சிஎஸ்எஸ்ஸில் ‘லதா’ என்று ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள். லதா விண்டோஸ் 2000 காலத்தில் வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ அந்த இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் 10இல் லதா துணை எழுத்துருக்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. ஒரு கணினியில் இருக்கும், பக்கத்துக் கணினியில் இருக்காது. ஆப்பிள் லதாவைத் தருவதே இல்லை. அங்கே தமிழுக்குத் தமிழ் சங்கம் எம்என் வந்து நிற்கும். (அந்த ‘எம்என்’ யார் தெரியுமா? முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் செய்த மலேசியத் தமிழர். உலகத்தின் மிகப் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்றின் எழுத்துருப் பட்டியலில் நம் ஆள் ஒருவரின் முதலெழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் ‘நமக்கு வருமா’ என்கிறீர்கள்!) ஆண்ட்ராய்டில் நோட்டோ, லினக்ஸில் லோகித் அல்லது நோட்டோ. இத்தனைக்கும் தனித்தனி அகலம், தனித்தனி உயரம்.

‘சுங்குடிச் சேலைகள்’ என்ற தலைப்பு உங்கள் விண்டோஸில் ஒரே வரியில் அடங்கியது. முதலாளி மகனின் மேக்கில் வந்து நின்ற எழுத்துரு கொஞ்சம் அகலம். ‘சேலைகள்’ இரண்டாம் வரிக்கு இறங்கியது. தலைப்புப் பெட்டிக்கு 60 பிக்சல் உயரம்தான் என்று நீங்கள் ஆணி அடித்து வைத்திருந்தீர்கள். இறங்கிய வரிக்கு உள்ளே இடமில்லை, வெளியே வழிந்து கீழே இருந்த சேலைப் படத்தின் மேல் ஏறியது. முடிந்தது. மேக்குக்காரன் சதியும் இல்லை, உங்கள் ஜாதகக் கோளாறும் இல்லை.

வைத்தியமும் அதே அளவுக்கு எளிது. உயரத்தை அடித்து வைக்காமல் குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். எழுத்து வளர்ந்தால் பெட்டியும் வளரட்டும். வரி உயரத்தை 1.6 என்பது போல ஓர் எண்ணாக நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் உலாவி அதை எழுத்துருக் கோப்புக்குள் பதிந்திருக்கும் அளவிலிருந்து எடுக்கும். அந்த அளவை விண்டோஸ் ஓர் அட்டவணையிலிருந்தும் மேக் வேறோர் அட்டவணையிலிருந்தும் படிப்பதுண்டு. அதற்கு மேல், எல்லா இடத்திலும் ஒரே முகம் வேண்டுமென்றால் எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்புங்கள். அன்று நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டும் ஆளுக்கொரு திசையில் இழுத்த அதே காரியம் இன்று எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி நடக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு இலவச எழுத்துருக்கள் பல உண்டு. அதில் ஒன்றின் பெயர் ‘ஹிந்த் மதுரை’. இந்தியன் டைப் ஃபவுண்டரி செய்தது, மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை ஐந்து கனத்தில். மதுரைக் கடைக்கு மதுரை எழுத்துரு போடுங்களேன், யார் கேட்கப் போகிறார்கள்?

எழுத்துரு சுத்தம் என்றால் அடுத்து உருள்பட்டையைப் பாருங்கள். விண்டோஸில் அது பெரும்பாலும் வலப்பக்கம் 15 முதல் 17 பிக்சல்வரை இடத்தை எடுத்துக்கொள்ளும். மேக்கில் 2011இல் வந்த லயன் முதல் டிராக்பேடு வைத்திருப்பவர்களுக்கு அது பக்கத்தின் மேலேயே மிதக்கும், தனி இடம் கேட்காது. திரையின் முழு அகலம் என்று 100 விடபிள்யூ கொடுத்த பெட்டி மேக்கில் கச்சிதமாக உட்காரும். விண்டோஸில் அந்தப் பதினைந்து பிக்சலுக்காகப் பக்கம் இடமும் வலமும் ஆடும். நூறு சதவீதம் என்று மாற்றினால் ஆட்டம் நிற்கும்.

படமே வரவில்லை என்றால் பார்க்கிறவர் கணினியைக் குறை சொல்லாமல் சர்வரைப் பாருங்கள். கேமரா படத்தின் பெயர்வாலைப் பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று வைத்திருக்கும், நீங்கள் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வர் எடுத்துக்கொள்ளாது. அதற்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. இந்த ஒன்றால் ராத்திரித் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம். கோப்புப் பெயரெல்லாம் சின்ன எழுத்தில் என்று இன்றே ஒரு வைராக்கியம் எடுங்கள். மற்றபடி பட்டன்களின் தோற்றம், எழுத்தின் கனம் கூடிக் குறைவது, விண்டோஸில் சிலர் 125 சதவீதம் என்று பெரிதாக்கி வைத்திருப்பது எல்லாம் சில்லறை. பார்த்தால் புரியும்.

ஆனால் எப்படிப் பார்ப்பது? ரோட்டோரப் பஞ்சர் கடைக்காரரைப் பாருங்கள். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்புவார். குமிழி வருகிற இடத்தில் விரலை வைப்பார். டியூபையும் திட்ட மாட்டார், தன் தலைவிதியையும் திட்ட மாட்டார். அதே பொறுமையோடு எஃப்12 பொத்தானை அழுத்துங்கள். சுட்டியைக் கோணலான எழுத்தின் மேல் வைத்து ஆராயுங்கள். குரோமில் ‘கம்ப்யூடட்’ பகுதியின் அடியில் உண்மையில் எந்த எழுத்துரு வரையப்பட்டது என்று பெயரோடு போட்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஃபான்ட்ஸ்’ என்று தனித் தாவலே உண்டு. நீங்கள் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றால் குமிழி அங்கேதான்.

அப்படியும் சிக்கவில்லையா? சிஎஸ்எஸ்ஸில் பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் எடுத்த பாதியில் இருக்கிறது. போகவில்லை என்றால் மிச்சப் பாதியில். இருக்கிற பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் வரி இருந்தாலும் பத்து முறை பாதியாக்கினால் ஒற்றை வரியில் வந்து நிற்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த வாரம் அதே பூதம் வேறு பக்கத்தில் கிளம்பும்.

‘என்னிடம் மேக் இல்லையே’ என்பீர்கள். லட்ச ரூபாய் இல்லாதது குற்றமா? நண்பனின் ஐபோனை ஐந்து நிமிடம் வாங்குங்கள். அதில் இருப்பதும் சஃபாரிதான், மேக்கில் இருக்கிற அதே தமிழ் சங்கம் எம்என்தான். உபுண்டுவை ஒரு பென்டிரைவில் போட்டு உங்கள் பழைய லேப்டாப்பிலேயே ஓட்டிப் பாருங்கள், விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. பிளேரைட் என்ற இலவசக் கருவி சஃபாரியின் அடியில் ஓடும் வெப்கிட் இயந்திரத்தை விண்டோஸிலேயே ஓட்டிக் காட்டும். எழுத்துரு மட்டும் உங்கள் கணினியில் உள்ளதாக இருக்கும், அதை மறக்காதீர்கள். இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் அந்தப் பெங்களூர் மகனையே கூப்பிடுங்கள். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மேக் பதிப்பு எண், உலாவிப் பதிப்பு எண், பெரிதாக்கி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதால் மானம் போகாது. கேட்கத் தெரிந்தவர் விவரமானவர் என்று எதிராளிக்கு அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிடும்.

ஆங்கிலம் இன்னொரு பூச்சாண்டி. சிஎஸ்எஸ் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கில வார்த்தைகள் சில நூறுதான் இருக்கும். புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் பிடித்து, எம்டிஎன் என்ற இணைய ஆவணத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று உட்காருங்கள். முதல் வாரம் தலை வலிக்கும். வலிக்கட்டும்! சென்னைப் பெருங்களத்தூரில் விடியற்காலை பஸ் இறங்கினால்தான் கணினி வேலை என்ற காலம் மாறிக்கொண்டிருக்கிறது. இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐடி பூங்காக்கள் நிற்கின்றன. அங்கே நேர்காணலில் உட்காருகிறவர் உங்கள் கல்லூரிப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரு பக்கம் மேக்கில் ஏன் உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய், என்ன மாற்றினாய் என்று மூன்று நிமிடம் தடுமாறாமல் சொல்லுங்கள். சுளித்த முகம் நிமிரும்.

சரி, கடை முதலாளி போனில் காத்திருக்கிறார். இழுக்காமல், குழறாமல் பேசுங்கள்: “அண்ணே, பாத்துட்டேன். நம்ம போட்ட எழுத்து மேக்குல கெடையாது, அது வேற எழுத்த எடுத்துக்கிருச்சு, அதான் வரி எறங்கி படத்து மேல ஏறிருக்கு. எழுத்தப் பக்கத்தோடயே சேத்து அனுப்பிட்டா எங்க பாத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிர்றேன், தம்பிய ராத்திரி ஒரு தடவ தெறந்து பாக்கச் சொல்லுங்க. மீதிப் பணத்துக்கு நாளைக்குக் காலைல கடைக்கு வர்றேண்ணே.”